புள்ளியக்கா

விமானம் மூக்கு தாழ்ந்து, வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. எஞ்சினை அணைத்த பிறகு வந்த அமைதியில்தான் இடது கால் அசையவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வளைந்த மிதிக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே பாதம் மாட்டியிருந்தது. வலி இன்னும் வரவில்லை.

மேகம் கணவாயை மூடிவிட்டதால், பள்ளத்தாக்கில் யாரும் பயன்படுத்தாத பழைய ஓடுபாதையில் இறக்கினாள். சரியாகத்தான் இறக்கினாள். புல்லுக்குள் மறைந்திருந்த வாய்க்கால் முன்சக்கரத்தை விழுங்கிவிட்டது. ரேடியோவில் இரைச்சல் மட்டுமே; மலை மறைத்தது. வெளிச்சம் போய்விட்டால் ஹெலிகாப்டர் வராது. மாட்டிய காலோடு இந்தக் குளிரில் விடியும்வரை தாங்குவது சந்தேகம்.

கருவி மட்டும் கைக்கெட்டினால் போதும். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். விமானம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கம்பெனியின் கண்காணிப்பு அறைக்குச் சில நிமிடங்களுக்கொரு தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். முன்கண்ணாடியில், வானம் தெரிகிற மாதிரி ஒட்டிவைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அவளுடையது இருக்கைக்குப் பின்னால், காலித் தகரப்பெட்டிகளின் அடியில் கிடந்தது. அவளே வைத்ததுதான்.

கருவி வந்தபோது சந்தோஷப்பட்டவள்தான் அவள். முந்தைய வருடம் காணாமல்போன சக விமானியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டாருக்கும் நிம்மதியாக இருக்கட்டும் என்று கம்பெனி ஆளுக்கொரு லிங்க் கொடுத்தது. அன்றிலிருந்து கணவனின் ஃபோனில் அவள் ஒரு நீலப் புள்ளி.

"நாலு பெட்டி இறக்க இவ்ளோ நேரமா?" என்பான், தட்டைப் பார்த்தபடியே.

"காத்து அடிச்சுது. நிக்கட்டும்னு இருந்தேன்."

"மெக்கானிக் இன்னைக்கு டூட்டிதானா?"

"ஆமா."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பிறகு பேச்சு இருக்காது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கத்தாத மனிதனிடம் எதை எதிர்ப்பது? பறக்கும்போதும் மனம் பதில் தயாரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மேகத்தைச் சுற்றிப் போவதற்குக்கூட விளக்கம் யோசித்தாள்.

பெட்டிகளை இறக்கும் ஊரில் இருந்த அந்த மெக்கானிக் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டான். "புள்ளியக்கா, டீ ஆறுது. குடிக்கிறீங்களா, இல்ல வீட்ல கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

அவளும் சிரித்தாள். அன்று திரும்பும்போதுதான் கருவியைப் பெட்டிகளுக்கு அடியில் தள்ளினாள். தகரத்தின் கீழே வானம் கிடையாது. வரைபடத்தில் புள்ளி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நின்றுவிடும். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது என்று கண்காணிப்பு அறைக்காரரிடம் சொல்லிவைத்தாள். வீட்டிலும் அதையே சொன்னாள். பிறகு அது பழக்கமாயிற்று. மலைக்கு மேலே அந்தக் கொஞ்ச நேரம், அவள் யாருடைய ஃபோனிலும் இல்லை.

இப்போதும் புள்ளி, காலிப் பெட்டிகளை ஏற்றிய அந்த மெக்கானிக்கின் ஊரில்தான் நிற்கும். அறைக்காரர் சிக்னல் கோளாறு என்று விட்டிருப்பார். கணவன் ஃபோனைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக்கை நினைத்துக்கொண்டிருப்பான். தேட யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் அவளே தன்னை நிறுத்திவைத்திருந்தாள்.

பெல்ட்டை அவிழ்த்து, உடம்பை முறுக்கிப் பின்னால் கைவிட்டாள். தள்ளத் தள்ள, பெட்டி சாய்வில் சரிந்து அவள் கைமேலேயே வந்து விழுந்தது. இப்போது காலிலும் வலி வந்தது. அழுதுகொண்டே தள்ளினாள். ஒருவழியாகக் கருவியின் கயிறு விரலில் சிக்கியது.

கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அடிக்கடி பிய்த்து எடுத்ததில் பசை போயிருந்தது, நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசரப் பொத்தானின் மூடியைத் திறந்தாள். இது வீட்டுக்கும் போகும். இத்தனை நாள் ஒளிந்திருந்ததும் வெளியே வரும். பறந்தது போதும் என்று சொல்ல அவனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு பச்சையாக நேரம் பிடித்தது. பிறகு கருவியின் சின்னத் திரையில் அறைக்காரரின் எழுத்துகள் வந்தன.

"கை பட்டு அமுங்கிடுச்சா மேடம்?"

"இல்ல. வாய்க்கால்ல இறங்கிட்டேன். கால் மாட்டிருக்கு."

"ஹெலிகாப்டர் கிளம்புது. எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் மட்டும்."

அடுத்தது வரத் தாமதமானது.

"உங்க வீட்லேருந்து சார் லைன்ல இருக்கார். கூட யார் இருக்கான்னு அவரும் கேக்கறார். என்ன சொல்ல?"

அந்த வரியில் கணவனின் பயம் இருக்கிறதா என்று தேடினாள். இருக்கலாம். குரல் இல்லாத எழுத்தில் எதை வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். 'நான் மட்டும்' என்று மறுபடி தட்டினாள். அனுப்பாமல் அழித்தாள்.

"கால் மரத்துப்போச்சு. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"சரி மேடம். சாருக்கு?"

அவள் விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள். கருவியைப் பிடித்திருந்த கை வலித்தது. எடுத்தால் பச்சை அணைந்துவிடும். கருவியைக் கண்ணாடியோடு சேர்த்து, வானம் தெரியும்படி, தன் கையாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.