பையை அழுத்திய கைகள்

அண்ணனின் மூச்சு எங்கள் கைகளில் இருந்தது. வாயில் செருகிய குழாயோடு ஒரு ரப்பர் பை. அழுத்தினால் அவன் மார்பு உயரும், விட்டால் தாழும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தவனை லாரி தூக்கி எறிந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி அது; ஓசூரில் அந்த மருத்துவமனையில் மூச்சு தரும் இயந்திரம் இல்லை. பெங்களூரில் இருந்தது; அங்கே படுக்கை இல்லை என்றார்கள்.

நர்ஸ் சாந்தம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். "நீங்க மூச்சு வுடற வேகத்துலயே அழுத்துங்க. அழுதுகிட்டே அழுத்தாதீங்க, வேகம் மாறிடும்."

கம்பெனியில் அண்ணனோடு லேத் மிஷினில் நிற்பவர்கள் ஷிப்டு முடிந்ததும் வந்து முறைபோட்டு அழுத்தினார்கள். அவர்களில் லால் பாஷா அவன் காதருகே குனிந்தார்.

"ஏன்டா ஆஞ்சப்பா, உன் வேலைய என் தலையிலதான் கட்டுவ. இப்ப மூச்சு வுடறதும் நான்தானா?"

அம்மாகூடச் சிரித்தாள்.

மயக்க மருந்து டாக்டர் இளைஞர். "நீ பி.எஸ்ஸி.தானே? படி" என்று தன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். மூளை முழுவதும் செத்துவிட்டால், இதயம் துடித்தாலும் ஆள் இறந்தவரே என்று அதில் இருந்தது. எனக்குப் புரிந்தது. கல்லூரியில் தவளையின் இதயம் உடலுக்கு வெளியே துடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது வெளிநாட்டுப் புத்தகம். நம்ம சட்டத்துல அப்படி இல்ல. நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதுவரைக்கும் சார்? நாளைக்கே இன்னொரு கேஸ் வந்தா? இருக்கறது இந்த ஒரு பை" என்றார் இளைய டாக்டர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணன் இல்லம்மா. நாமதான் அழுத்திக்கிட்டு இருக்கோம்."

அம்மா, "ஆஸ்பத்திரியில வாணாம். உசுரு வூட்லயே போவட்டும்" என்றாள்.

மேட்டடார் வேன் வந்தது. பையைத் திரும்ப எடுத்துப்போகச் சாந்தம்மாவும் ஏறினார். லால் பாஷா மட்டும் கீழேயே நின்றார்.

"எத்தினி நாள் வேணா அழுத்துவேன் தங்கச்சி. நிறுத்தற கை என்னுதா இருக்க வாணாம்."

மற்றவர்களும் அப்படியே ஒதுங்கினார்கள். எங்கள் ஊர் கெலவரப்பள்ளி வரை நானே அழுத்தினேன். வேன் குலுங்கும்போதெல்லாம் சாந்தம்மா குழாயைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் அவனைப் பாயில் கிடத்தினார்கள். அம்மா அவன் உதட்டை நனைத்தாள். எல்லோரும் பார்த்து முடித்தார்கள். இனி நான் நிறுத்த வேண்டும். படித்தது எல்லாம் நினைவில் இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"வுடு கண்ணு."

"முடியலம்மா."

அம்மா என் அருகில் உட்கார்ந்தாள். "நான் பெத்தவ. என் கையில போவட்டும். நாளைக்கு நீ இத நெனச்சி நெனச்சி அழக்கூடாது."

பையை வாங்கிக்கொண்டாள். ஒருமுறை அழுத்தினாள். இன்னொரு முறை, மெதுவாக. பிறகு அழுத்தவில்லை.

சாந்தம்மா அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கையை விட்டார்.

அம்மா பையை அவரிடம் கொடுத்தாள். பிறகு மரத்துப்போயிருந்த என் விரல்களை எடுத்து, ஒவ்வொன்றாக நீவிவிடத் தொடங்கினாள்.