செங்கோண நோய்

மாப்பிள்ளை புதிதாக ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மாமியார் சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். யாருக்கு நோய் என்று பதறியவர்களிடம், "கடலுக்குத்தான்" என்று ஆறுதலும் சொன்னார்.

மாப்பிள்ளைக்குப் பவளப்பாறைகளின் நோய்களை ஆராயும் வேலை. அவன் அடையாளம் கட்டிவைத்த பவளங்களில் வாராவாரம் வெள்ளைத் தழும்பு, அதுவும் கச்சிதமான செங்கோணத்தில். நாளைக் காலை இயக்குநரிடம் படங்களைக் காட்டினால் தற்காலிக வேலை நிரந்தரமாகிவிடும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தான்.

அதே ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்க்கும் மனைவி, சாப்பாட்டு மேசையில் கிடந்த படங்களைப் புரட்டினாள்.

"என்னங்க, உங்க நோய்க்கு மூலை இருக்கு."

"அதானே அதோட விசேஷம்!"

"நோய்னா ஓரம் கன்னாபின்னான்னு பரவும். இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. நீங்க குடுத்த துண்டுலயும் கிருமி இல்ல. சதை நசுங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"பொறாமை."

"ஆமா, தூக்கமே வரல. நீங்க தொடாத பவளம் ஒண்ணுலயாவது இது இருக்கா, காட்டுங்க."

அவன் தேடினான். ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பவளங்களெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பளபளவென்று நின்றன.

அவள் எழுந்து போய், குளியலறையில் கழுவிவைத்திருந்த சதுரச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். படமெடுக்கும்போதெல்லாம் அவன் பவளத்தின் மேல் வைக்கும் குழாய்ச் சட்டம் அது. நீரோட்டத்தில் நகராதிருக்க, மூலைக்கு மூலை கனமான ஈயப்பட்டையை மடித்து மாட்டியது அவனுடைய சொந்த யோசனை. அவள் பட்டையை அளந்தாள். தழும்பின் அளவேதான்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நோய்க்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு அத்தை."

"அடேயப்பா, அதுக்குள்ளயா! என்ன அது?"

"நான்தான்."

"இத நான் யார்கிட்டன்னு சொல்றது?" மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படங்களை ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.  மனைவி போனை அவன் பக்கம் நகர்த்தினாள். இயக்குநரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

இயக்குநர் கேட்டார்: "சரி, பரவாம தடுக்க வழி இருக்கா?"

"நான் அந்தப் பக்கம் போகாம இருந்தாலே போதும் சார்."

"போகணும்யா. நீ ஈயம் மாட்டுறதப் பாத்து மத்த குழுவும் மாட்டியிருக்கு. காலையில முதல் படகுல போய், அவங்க சட்டத்துல இருக்குற பட்டை எல்லாத்தையும் கழட்டிட்டு வா. உன் வேலை பத்தி அப்புறம் பேசலாம்."

போனை வைத்தான். மனைவி அதற்குள் குறடு எடுத்துவந்து, முதல் பட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.