எத்தனை நாளைக்கு இந்த வீடு

கதவைத் திறந்ததும் என் மகள் சுவர்களில் ஒரு காகிதத்தைத் தேடினாள். மூன்று வருடமாக நாங்கள் தங்கிய வாடகை வீடுகளில் பெரும்பாலும் அப்படி ஒன்று ஒட்டியிருக்கும். குப்பையை எங்கே போட வேண்டும், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான். இங்கே எதுவும் இல்லை என்றதும் அவளுக்கு வீட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"எத்தனை நாளைக்கு இந்த வீடு?" என்று கேட்டாள்.

"இது நம்ம வீடுடி" என்றாள் என் மனைவி.

"சரிம்மா. எத்தனை நாளைக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை உள்ளே இழுத்து வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மகளுக்கு ஆறரை வயது. உருவத்தைப் பார்த்து சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது அவளுக்கு மூன்றரை. என் வேலை புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவது. மூன்று வருடத்தில் ஒன்பது கட்டடங்கள், எட்டு ஊர்கள். "நீங்க ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கம்னு என்னால இருக்க முடியாது" என்று சொல்லி மனைவி தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். அவள் பல் செட் செய்கிறவள். எட்டு வருடம் ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்கியவள், மூன்று வருடம் எங்கள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள்.

திரும்பி வந்த முதல் இரண்டு வாரம், இரண்டு அறைகள் காலியாகக் கிடக்க, மூவரும் கூடத்தில்தான் படுத்தோம். யாரும் யோசித்துச் செய்ததில்லை. ஒரே அறையில் இருந்து இருந்து, ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்காவிட்டால் தூக்கம் வருவதில்லை. வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில் நான் வாசலில் நின்று, "சாவியை யார்கிட்ட குடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டேன்.

"பாக்கெட்ல போடுங்க. அதுக்குப் பேர்தான் வீட்டுச் சாவி" என்றாள் மனைவி.

இங்கே எனக்குக் கொடுத்திருப்பது பராமரிப்பு வேலை. ஊருக்குள் பதினொரு பழைய லிஃப்ட்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பொருத்துகிற வேலை அப்படியல்ல. லிஃப்ட் வர வேண்டிய இடம் வெறும் குழியாக நிற்கும் கட்டடத்தில், செங்குத்து பார்க்க உச்சியிலிருந்து ஒரு கம்பியைக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, அது ஆட்டம் நிற்கும் வரை காத்திருப்போம். சில சமயம் அரை மணி நேரம் ஆகும். யாரும் பேச மாட்டார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான். பிறகு அந்தக் கம்பியை வைத்துத் தண்டவாளம் நிறுத்தி, பெட்டியை ஏற்றி, மூட்டை மூட்டையாக மணல் வைத்து ஓட்டிப் பார்த்து, சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊர். நான் பொருத்திய எந்த லிஃப்டும் பழுதாகி நான் பார்த்ததில்லை. அதனாலேயே என்னைத் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடிக் கதவு பாதியில் திக்கும். சரி செய்தேன். அடுத்த மாதம் போனபோது மறுபடியும் திக்கியது. அந்த மாடியில் இருக்கும் ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "போன மாசமும் நீங்கதானே வந்தீங்க?" என்று கேட்டார். என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நாள் முழுக்க அந்தக் கேள்வி சட்டைக்குள் விழுந்த இரும்புத் தூள் மாதிரி அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் மேலாளர் போன் செய்தார்.

"நாப்பது மாடிப்பா. ஆறு லிஃப்ட். எட்டு மாசம் ஆகும். உன்னை விட்டா எனக்கு ஆள் கிடையாது. குடும்பத்தோட தங்க வீடு குடுக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு."

எட்டு மாதம் என்று கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. முடிகிற தேதி தெரிந்த நாட்களில் எனக்கு நன்றாகவே வாழ வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரிப்பேன், மகளோடு ஓடிப் பிடித்து விளையாடுவேன், மனைவி சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பேன். தேதி இல்லாத நாட்கள் வந்தால் எங்கே பிடித்துக்கொள்வது என்றே தெரிவதில்லை. எட்டு ஊரில் என்னை நல்ல மனிதன் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படி இல்லை என்று கண்டுபிடிக்க எந்த ஊருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று தள்ளி வைத்தேன். அன்று மாலை, சும்மா இருக்க முடியாமல், சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவின் கீலைக் கழற்றி மாட்டினேன். மனைவி டார்ச் பிடித்தாள். சுண்டு திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இருவருமே வழக்கத்தை விட அமைதியாக இருந்தார்கள். எனக்கும் அமைதி பிடிக்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மனைவி வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், "இன்னைக்கு ஒண்ணுகூடத் திரும்பி வரலை" என்றாள். அவளுடைய பழைய இடம் கிடைத்துவிட்டது, ஆனால் பழைய கை கிடைக்கவில்லை. ஒரு மாதமாக அவள் செய்த பற்கள் எல்லாம், கடிக்கும்போது இடிக்கிறது என்று மருத்துவர்களிடமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. வீட்டில் கரண்டிக் காம்பால் சோப்பைச் செதுக்கிச் செதுக்கிப் பழகினாள். எங்கள் வீட்டுச் சோப்பெல்லாம் கடைவாய்ப் பல் வடிவத்தில்தான் இருந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு மேலாளர் சொன்னதை எப்படிச் சொல்வது? அந்த வாய்ப்பையும் விட்டேன்.

வியாழக்கிழமை மதியம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார் டீச்சர். முழங்கால் இரண்டும் தாடைக்கு நேரே வந்து நின்றன.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"எதை டீச்சர்?"

"ஊரை விட்டுப் போறதைத்தான். பாப்பா மூணு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா. வரிசைப்படி. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. பக்கத்துல போய் உக்காந்து, 'உன்கூட விளையாடினது நல்லா இருந்துச்சு, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டு, கையில எதையாவது குடுத்துடறா. ரப்பர், கிளிப், பென்சில். நேத்து தண்ணி பாட்டிலையே குடுத்துட்டா."

நேற்று மாலை பாட்டிலைக் காணோம் என்று மனைவி வீடு முழுக்கத் தேடியது நினைவுக்கு வந்தது.

"அவ சிநேகிதி ஒருத்தி இருக்கா. முன்பல் ரெண்டும் விழுந்த பொண்ணு. நேத்து மத்தியானம் முழுக்க அழுகை. சமாதானமே ஆகலை. சரி, போற பிள்ளையை நல்லபடியா அனுப்பி வைப்போம்னு எல்லாருமா சேந்து இதைப் பண்ணினோம்." பெரிய அட்டை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். பல நிறங்களில் முப்பத்து மூன்று பெயர்கள். நடுவில் ஒரு பஸ், ஜன்னலில் சின்னதாக ஒரு முகம்.

அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

வீட்டுக்கு நடந்து வரும்போது சுண்டுவிடம், "நாம போறோம்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை. நீதான் குழாயைச் சரி பண்ணினியே."

நான் அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தானேப்பா? முதல்ல குழாய். அப்புறம் கதவு. அப்புறம் சுவத்துல ஓட்டை எல்லாம் அடைச்சுட்டு, வீட்டுக்காரங்ககிட்ட சாவி குடுத்துட்டுப் போயிடுவோம். இன்னும் சுவர் மட்டும்தான் பாக்கி." அவள் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. "இந்த கிளாஸ்ல பிள்ளைங்க ரொம்ப ஜாஸ்தி. கடைசி நாள்ல எல்லாருக்கும் சொல்ல முடியாது. அதான் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்."

உண்மைதான். காலி செய்வதற்கு முன் எதையும் பழுதாக விடக் கூடாது என்பது என் பழக்கம். கை தன் பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருக்க, நான்தான் இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன். படித்தாள். பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

"டார்ச் பிடிச்சது நான்தானே? கீல்ல எண்ணெய் விடும்போதே கேக்கலாம்னு நினைச்சேன், இந்த வீட்டுக்கு அட்வான்ஸை யார்கிட்டங்க திருப்பி வாங்கப் போறீங்கன்னு."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். வருவீங்க, வாயைத் திறப்பீங்க, 'உப்பு இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போயிடுவீங்க."

எட்டு மாதம், நாற்பது மாடி, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நான் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா, உங்களைக் கட்டிப் போட்டேன்னு ஆகிடும். ஆனா இந்தத் தடவை நாங்க வரலை. எனக்கு இப்பத்தான் கை திரும்பியிருக்கு. அவளுக்கு இப்பத்தான் சிநேகிதின்னு ஒரு ஓட்டைப்பல்லு கிடைச்சிருக்கா."

"என்னை விட்டுட்டு உன்னால இருக்க முடியுமா?"

"முடியாது. அழுதுகிட்டே இருப்பேன். பல்லு செய்ய அது ஒண்ணும் தடை இல்லை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தொங்கவிட்ட கம்பி ஆடி அடங்கும் வரை காத்திருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் எதிரே ஒருத்தி அதே மாதிரி காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது. மூன்று நாளாக அல்ல, மூன்று வருடமாக.

"இங்க இருந்தா நான் சிடுசிடுன்னு ஆகிடுவேன். பயமா இருக்கு" என்றேன்.

"ஆகுங்க. அதுக்கு முன்னாடி நீங்க என்னவோ தேனாட்டம் இருந்த மாதிரி பேசறீங்க. எட்டு ஊர்லயும் உங்ககூட இருந்தவ நான்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சமையலறையில் எல்லோர் காதிலும் விழும்படி நின்று, மேலாளருக்குப் போன் செய்தேன்.

"என்னப்பா, எப்பக் கிளம்பறே?"

"நான் வரலை சார். இங்க பதினொரு லிஃப்ட் இருக்கு."

"அதுங்க எங்கயும் ஓடிப் போகாதுப்பா!"

"ஆமா சார். அதனாலதான்."

அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் திட்டினார். வைத்துவிட்டார். மனைவி அடுப்பின் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றாள். அங்கே வெங்காயமே இல்லை.

சுண்டு ஒரு கால் ஷூவை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"போகலையா?"

"போகலைடா. இங்கதான்."

"ஐயோ அப்பா! நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே! கார்டு வேற குடுத்துட்டாங்களே! இப்ப நான் போய் என்ன சொல்றது?"

அவள் விடைபெறுவதில் கெட்டிக்காரி. மூன்று வருடமாக நான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

"'போகலை'ன்னு சொல்லு" என்றாள் மனைவி.

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். நீயும் கூடச் சேந்து சிரி."

பள்ளி வாசல் வரை என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தவள், அங்கே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். நான் அந்த மூன்றாவது மாடிக்குப் போய், கதவைக் கழற்றி, தேய்ந்துபோன உருளையை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "அடுத்த மாசம் வந்து பாக்கறேன், திக்குதான்னு" என்றேன். "பாருங்க, பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் சுண்டு சிவந்த மூக்கோடு வந்தாள். தோளிலிருந்த பையைத் தரையில் போட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஓட்டைப்பல்லு என்கூடப் பேச மாட்டாளாம். 'நான் சும்மாவா அழுதேன்?'னு கேக்கறா. கார்டைத் திருப்பிக் குடுக்கணுமாம், அதுல அவ ஸ்டிக்கர் ஒட்டியிருக்காளாம். நான் சொன்னேன், அப்ப என் பாட்டிலைக் குடுன்னு. அவ குடுக்க மாட்டாளாம். நான் கத்தினேன். அவளும் கத்தினா. டீச்சர் ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வெச்சுட்டாங்க."

யாரோடும் அவள் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றேன்.

சுண்டு தரையில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சோடு மல்லுக்கட்டினாள்.

"திங்கக்கிழமை பாத்துக்கறேன்" என்றாள்.