கவசத்துக்கு அளவு

"இஞ்சை பாருங்கோ, கையை மடக்கப்படாது. மடக்கினால் அளவெல்லாம் பிழைச்சிடும். ஒட்டுற ரேப் வாங்கிக்கொண்டு ஓடியாறன்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கீர்த்திகா ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனபோது, நான் வீட்டு நடுவில் இரண்டு கைகளையும் விரித்தபடி தோட்டத்து வெருளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், முதலில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பொலித்தீன், அதற்கு மேல் பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டுகிற வெள்ளை ரேப். கீழே இடுப்பில் கட்டிய ஒரு சாரம். இதுதான் நான்.

கவசம் செய்வதற்கு இப்படித்தான் அளவெடுக்க வேண்டுமாம். உடம்பைச் சுற்றி ஒட்டி, மேலே மார்க்கரால் கோடு கீறி, கத்தரித்துக் கழற்றி விரித்தால் அது சட்டை வெட்டுகிற கடதாசி மாதிரி வரும். அதை வைத்துச் செருப்புக்குப் போடுகிற றப்பர் சீற்றை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை பூசி ஒட்டி, வெள்ளி நிறம் அடித்தால் எதிர்கால நூற்றாண்டின் விண்கலக் காவலன் ஒருவன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறப்பான். அடுத்த மாதம் கொழும்பில் வேடமணியும் போட்டி. அவள் செய்வாள், நான் போடுவேன். எங்கள் குடும்பத்தில் எல்லாமே அந்த ஒழுங்குதான். விண்கலக் காவலனுக்கு நெஞ்சு அகலமாக இருக்கவேண்டும். எனக்கும் அகலம் இருக்கிறது, கொஞ்சம் கீழே இறங்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று மாதமாக இந்த வீட்டில் மனிதர் வாழ முடியவில்லை. ரிவி மேசையில் முழங்காலுக்குக் கீழான ஒரு சாம்பல் நிறக் கவசக் கால் நிற்கிறது. தலைக்கவசம் சாமியறை வாசலில் காய்கிறது. புட்டிலும் பசை மணம், தேத்தண்ணியிலும் பசை மணம். காப்புறுதிக் கொம்பனியில் நாள் முழுக்க விபத்துக் கோரிக்கைகளைப் பார்த்து, உண்மையான முறிவு எது, பொய் முறிவு எது என்று பிரித்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு, கதிரையில் ஒரு முழங்கை கிடந்தால் எப்படி இருக்கும்?

இப்போது மூக்கு கடித்தது. சொறியக் கையில்லை, அதாவது கை இருக்கிறது, மூக்குவரை வராது. மேசையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. முதுகில் வியர்வை பொலித்தீனுக்குள் ஓட வழியில்லாமல் குளம் கட்டியது. எல்லாவற்றையும் விடப் பயங்கரம், சாரத்து முடிச்சு மெல்ல இளகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம்தான் கேற் திறந்த சத்தம் கேட்டது. கீர்த்திகாதான் என்று நினைத்து, "ஏனப்பா, ரேப்பைச் செய்யிற ஃபக்ரறிக்கே போனனீர்?" என்று கத்தினேன். வாசலில் நின்றவர் கனகசபாபதி மாமா. என் மனைவியின் தகப்பன். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். அதற்குப் பிறகும் ஒரு நாளும் இந்தக் கேற்றைத் தொடாதவர். கையில் நோயாளிக்குக் கரைத்துக் கொடுக்கிற நெஸ்ரமோல்ட் பெட்டி ஒன்று, தோடம்பழப் பை ஒன்று.

ஏன் வரவில்லை என்றால், நான் 'எந்தப் பகுதி' ஆள் என்று அவர் தன் ஊரான அளவெட்டியிலிருந்து விசாரித்தபோது கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார்கள், அவ்வளவுதான். கீர்த்திகா ஒவ்வொரு வெள்ளியும் அவருக்குப் போன் எடுப்பாள். மணி முழுதாக அடித்து ஓயும் வரை காதில் வைத்திருப்பாள். பிறகு போய் றப்பர் சீற் வெட்டுவாள். இந்தக் கவசப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று நான் அவளைக் கேட்டதில்லை.

மாமா வந்ததற்குக் காரணம் என்னுடைய வாய். காலையில் வெளிச்சத்துக்காக என்னை முன் விறாந்தையில் நிற்பாட்டித்தான் கீர்த்திகா சுற்றத் தொடங்கினாள். மதிலுக்கு அப்பால் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த செல்வரட்ணம் அண்ணை, "என்ன தம்பி உது?" என்றார். "நெஞ்செலும்பெல்லாம் நொருங்கிப் போச்சண்ணை" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவருடைய மனைவிக்கு ஊர் அளவெட்டி.

"எப்பிடி நடந்தது?" என்றார் மாமா. முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மனிசன் அந்தக் கணமே திரும்பிப் போய்விடுவார், இன்னொரு முறை வரவே மாட்டார். கீர்த்திகா வரும்வரைக்கும் இவரை இங்கே பிடித்து வைக்க வேண்டும். பிடிக்கக் கையுமில்லை. முனகினேன்.

"மோட்டச்சைக்கிள் மாமா."

"படுத்திருக்காமல் ஏன் நிக்கிறீர்?"

"படுக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

"நிண்டபடியே மாறுமோ?"

"புது முறை மாமா."

அவர் கண் ரிவி மேசைக்குப் போனது. அங்கே நின்ற காலை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் சாரத்துக்குக் கீழே எத்தனை கால் என்று எண்ணினார். இந்த ஊரில் பொய்க்கால் ஒன்றும் புதுமையில்லை.

"அது... வேறை ஆளின்ரை" என்றேன்.

அவர் முகம் இன்னும் கறுத்தது. மோதிய மற்ற ஆளை நினைத்திருப்பார்.

"பிள்ளை எங்கை?"

"மருந்து வாங்கப் போட்டாள். இப்ப வந்திடுவாள். இருங்கோ மாமா." உபசரிப்பதாக நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தேன். முடிச்சு விட்டுவிட்டது. இரண்டு முழங்காலையும் சேர்த்துச் சாரத்தை நெருக்கிப் பிடித்தபடி, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக என் மாமனாரை நேருக்கு நேர் பார்த்தேன்.

"கோதாரி" என்றார். பெட்டியையும் பையையும் கதிரையில் வைத்தார். குனிந்து சாரத்தை இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, சின்னப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல இறுக்கிச் செருகிவிட்டார். எனக்குக் கை கொடுக்கக்கூட விரும்பாத மனிசன்.

"தேத்தண்ணி ஒண்டு..." என்று தொடங்கினேன்.

"எனக்கு வேண்டாம்." கேட்டு முடிக்க முதலே பதில் வந்தது. சற்றுப் பொறுத்து, "நீர் ஏதும் குடிச்சனீரோ?" என்றார்.

"காலமையிலை இருந்து ஒண்டுமில்லை." இது மட்டும் சத்தியமான உண்மை.

பல்லைக் கடித்தபடி நெஸ்ரமோல்ட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே மூடிகள் திறக்கும் சத்தம் கேட்டது.

"சீனி எது?"

"இடப்பக்க டின் மாமா! வலப்பக்கம் பசை! இடப்பக்கம்!"

"குசினிக்கை ஏன் பசை? விசரே உங்களுக்கு?"

வெளியே ஒரு ஸ்கூட்டி வந்தது, போய்விட்டது. எங்களுடையதல்ல. இந்தப் பெண் எந்த நாட்டுக்கு ரேப் வாங்கப் போனாள்?

பெரிய கோப்பையில் கொண்டுவந்தார். எங்கள் தண்ணீர், எங்கள் கேத்தில், எங்கள் கோப்பை. ஊதி ஊதி ஆற்றினார். என் வாயில் வைத்துச் சரித்தார். நான் விழுங்கும் மட்டும் பார்த்திருந்து, மறுபடி ஊதினார். மூன்றாவது மிடறு வழிந்து நெஞ்சில் ஓடியது. தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஒற்றினார். ஒற்றியவர் நின்றார். சட்டைப் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் வயிற்றுக்குக் கிட்டவாகக் குனிந்தார்.

"'வண்டி'" என்று என் தொப்பை மேல் மார்க்கரால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். "'இரண்டு இஞ்ச் குறைக்க வேணும்.' உது டொக்டர் எழுதினதோ?"

நான் வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"உது என்ரை பிள்ளையின்ரை எழுத்து."

சொன்னேன். கவசம், போட்டி, றப்பர் சீற், விண்கலம். விண்கலம் என்ற சொல்லை என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உச்சரித்ததில்லை.

"பகிடியோ?" என்றார். குரல் உயரவில்லை. "அளவெட்டியிலை இருந்து என்னத்தை நினைச்சுக்கொண்டு வந்தனான் தெரியுமோ? வழி முழுக்க..." கோப்பையை மேசையில் வைத்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

நான் இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. விரித்த கைகள் வாசலின் இரண்டு நிலைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. விண்கலக் காவலன் தன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

"விலத்தும்."

"ஏலாது மாமா."

"விலத்தும் எண்டனான்."

"கையை மடக்கப்படாதெண்டு உங்கடை பிள்ளை சொல்லிப்போட்டுப் போனவள்."

கைக்குக் கீழால் குனிந்து போயிருக்கலாம். கனகசபாபதி அப்படிக் குனிகிற ஆள் இல்லை. இருவரும் மூச்சு வாங்கியபடி நின்றோம். அவருடைய கண்ணாடியில் என் வெள்ளை நெஞ்சு இரண்டாகத் தெரிந்தது.

எனக்குப் பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. இந்தமுறை எங்களுடையது. என்னால் திரும்ப முடியவில்லை. அவள் வந்ததை நான் அவருடைய முகத்தில்தான் பார்த்தேன். கோபமாகச் சுருங்கியிருந்த வாய் மெல்லத் திறந்தது. ரேப் உருளை ஒன்று என் காலடிக்குள் உருண்டு வந்தது.

"அப்பா" என்றாள் கீர்த்திகா.

அவர் என் கைக்கு மேலால் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முதல்லை இவனை வெட்டி விடு பிள்ளை" என்றார். "வேர்த்துக் கொட்டுது."

கீர்த்திகா என் கைக்குக் கீழால் குனிந்து வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். முதுகுக் கோட்டில் வெட்டத் தொடங்கி இரண்டு தரம் கோணலாகப் போனாள். "ஆளைக் கொல்லாதை" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இந்தக் கரையைப் பிடியுங்கோ அப்பா" என்றாள். அவர் வந்து பிடித்தார். ஒருபக்கம் தகப்பன், மறுபக்கம் மகள், நடுவில் நான் உரிபட்டேன். முதுகில் காற்றுப் பட்டது. கைகள் கீழே விழுந்தன, அவை என்னுடையவை என்ற நினைப்பே வரவில்லை. நான் முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தேன்.

கீர்த்திகா யாரையும் பார்க்காமல் குசினிக்குள் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தமும் பைப்பில் தண்ணீர் விழும் சத்தமும் சேர்ந்து வந்தன. பிறகு அவள் குரல், "அப்பா, உங்களுக்குச் சீனி போடட்டோ?"

மாமா தோடம்பழப் பைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என் உடம்பிலிருந்து கழன்ற அந்த வெறும் ரேப் கூட்டை எங்கே வைப்பதென்று யாரும் சொல்லாதபடியால் மடியில் வைத்திருந்தார். அதன் இரண்டு கைகளும் இன்னும் விரிந்தபடிதான் இருந்தன. நெஞ்சு நசுங்கிவிடாமல் உள்ளே ஒரு கையை விட்டுத் தாங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இப்போது யாரும் நிற்கவில்லை. வெயில் உள்ளே நீளமாக விழுந்திருந்தது. குசினியில் கேத்தில் மெல்ல இரையத் தொடங்கியது.