வயோலா இல்லாத இடம்

வலது கை வந்துவிட்டது. இடது கைதான் வர மறுத்தது.

“மடக்காதீங்க அண்ணி, விறைச்சுப் போச்சு. தோளோட தூக்கிப் பிடிங்க, நான் உருவுறேன்,” என்றாள் பார்போரா.

ருசீனா கணவரின் தோளைத் தூக்கிப் பிடித்தாள். விடியற்காலையில் உயிர் பிரிந்த சூட்டோடு நாத்தனாரும் அவளுமாக மாட்டிவிட்ட நீலக் கோட்டு அது. இப்போது உச்சிவேளையில் இரண்டு பேருமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அரண்மனைக் காரியஸ்தர் ட்ராக்ஸ்லர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவோரமாகச் சுவரைப் பார்த்தபடி நின்றார். மனிதர் கெட்டவர் இல்லை. கோட்டின் வெள்ளிப் பொத்தான்கள் தெறித்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

“இந்தா பாரும்மா, நானா கேக்கல. சீருடை அரண்மனையோடது. மண்ணுக்குள்ள போட்டுட்டா நான் என்ன பதில் சொல்றது? அடுத்து வர்றவனுக்கு வேணும்ல.”

“அடுத்து வர்றவன் இவ்வளவு நெட்டையா இருப்பானா?” என்று கேட்டாள் பார்போரா.

“வெட்டித் தச்சுக்கலாம்.”

கை ஒருவழியாக வெளியே வந்தது. ருசீனா கோட்டை உதறி, மடித்து, மேசைமேல் இருந்த, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவின் பக்கத்தில் வைத்தாள். வயோலாவும் அரண்மனையுடையதுதான். மத்தியாஸ் ஹோலுப்புக்குச் சொந்தம் என்று மிஞ்சியது முழங்கையில் ஒட்டுப்போட்ட பழுப்புச் சட்டை ஒன்று. மை தெறித்த சட்டை. அதையே போட்டுவிட்டார்கள். அதில் அவர் அவராகத் தெரிந்தார்.

இருபத்திரண்டு வருடம் அந்த நீலக் கோட்டில் இருந்தார். பகலில் பிரபுவின் சாப்பாட்டு மேசைக்குச் சூப் எடுத்துப் போவது, மாலையில் அதே கோட்டோடு உட்கார்ந்து வயோலா வாசிப்பது, இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் இசை எழுதுவது. ஸ்க்ரோவ் அரண்மனையில் இசைக்காரன் என்றால் அப்படித்தான். இருபது சிம்பொனிக்கு மேல் எழுதியிருப்பார். ஒவ்வொன்றும் ஒருமுறை வாசிக்கப்பட்டு நூலக அலமாரிக்குள் போய்விடும். இசைக்குழுத் தலைவர் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் இத்தாலியிலிருந்து ஆள் வந்தான். வியன்னாவுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு ‘இடமில்லை’ என்று ஒருமுறை பதில் வந்தது, அடுத்த முறை அதுகூட வரவில்லை. பிரபுவுக்கு அவர் பெயர் தெரியுமா என்பதே ருசீனாவுக்குச் சந்தேகம். “சூப்பைச் சிந்தாத நெட்டையன்” என்றுதான் சொல்வாராம்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்,” என்றாள் ருசீனா. “நாளைக்குக் கோயில்ல அவர் எழுதினது ஏதாவது ஒண்ண வாசிக்கணும். எதுவா இருந்தாலும் சரி. நூலகத்தைத் திறந்து ஒரே ஒரு கட்டு குடுங்க. வாசிச்சு முடிச்சதும் திருப்பிக் கொண்டாந்துடறோம்.”

ட்ராக்ஸ்லர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“அலமாரிக்கு முத்திரை வெச்சாச்சும்மா. எழுதினவன் செத்தா முத்திரை, பிரபு வந்து பார்த்தப்புறம்தான் திறப்பு. அவர் வியன்னாவுல இருக்காரு. பனி உருகினப்புறம்தான் வருவாரு.”

“அவர் எழுதினதுதானே…”

“எழுதினதெல்லாம் அரண்மனையோடது. ஒப்பந்தத்துல இருக்கு. ஒரு தாள் வெளிய போகக் கூடாது, யாருக்கும் படியெடுத்துக் குடுக்கக் கூடாது.” குரலைக் கொஞ்சம் தணித்தார். “அவர் அத மீறினதே இல்ல. அந்த மரியாதைக்குத்தான் சொல்றேன், ஏப்ரல்ல வர்ற ஜார்ஜ் திருநாள் வரைக்கும் இந்த வீட்டுல இருந்துக்க. விறகும் வரும். வேற ஆளா இருந்தா இந்த வாரமே காலி பண்ணச் சொல்லியிருப்பேன்.”

ருசீனா தலையை ஆட்டினாள். ஆனால் மத்தியாஸ் ஒரே ஒருமுறை மீறியிருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்னால், வேலையை விட்டு வியன்னாவுக்குப் போன ஒரு கொம்பு வாசிப்பவனின் பையில், வயலின் இரண்டுக்கும் வயோலாவுக்கும் செல்லோவுக்குமாக எழுதிய ஒன்றைச் செருகி அனுப்பினார். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பெயர் போடவில்லை. அங்கே யாருக்காவது பிடித்து, எழுதியது யார் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். யாரும் கேட்கவில்லை.

ட்ராக்ஸ்லர் கோட்டையும் வயோலாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். பனியில் வழுக்காமல் இருக்கக் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார்.

*

சாயங்காலம், முதல் வயலின் வாசிக்கும் ஃபாபியன் வந்தான். முப்பத்தைந்து வயது. மத்தியாஸ் பக்கத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்து வாசித்தவன். பழுப்புச் சட்டையில் கிடந்தவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். மூக்கைச் சிந்தினான். பார்போரா கொடுத்த பீரை ஒரே மூச்சில் குடித்தான்.

“பூட்டிட்டாங்களாமே அக்கா. கேள்விப்பட்டேன். நீங்க கவலப்படாதீங்க, நாங்க சும்மா விட மாட்டோம். எங்கள்ல ஒருத்தர் போனா மத்தவங்க வாசிச்சுத்தான் அனுப்புவோம். அவருக்கு நல்லதா ஒண்ணு வாசிக்கிறோம். சால்வியோனியோடது.”

“அவரு யாரு?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க! வியன்னாவே அவர் காலடியில கிடக்குது. போன வருஷம் அரண்மனைக்கு வாங்கினாங்க, ‘சால்வியோனி புத்தம் புதுசு’ன்னு. நான் எனக்குன்னு படியெடுத்து வெச்சிருக்கேன். அதனால பூட்டுக்கெல்லாம் பயமில்ல. அதுல மெதுவா ஒரு பகுதி வரும். ஐயோ!” அவன் வில் பிடிப்பதுபோல் கையை உயர்த்தினான். “நடுவுல நான் நிறுத்திருவேன், வயோலா மட்டும் தனியாப் பாடும். வேற எவனா இருந்தாலும் ஏழாவது அடியில முடிச்சிருப்பான். இவரு இன்னும் ரெண்டு அடி இழுக்கறாரு பாருங்க, ஒன்பது. அந்த ரெண்டுலதான் உயிரே இருக்கு. அதான் மேதைங்கறது.”

“வயோலாவ யார் வாசிப்பா?”

ஃபாபியன் கையை இறக்கினான். அதை அவன் யோசித்திருந்தான் போலிருக்கிறது.

“ஆளில்லக்கா. கருவியும் அரண்மனைக்குப் போயிருச்சு. அந்த இடத்துல ரெண்டாவது வயலினும் செல்லோவும் அடியில போய்க்கிட்டிருக்கும், மேல வெறுமையா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். அவரோட நாற்காலிதானே காலியா இருக்கு.”

ருசீனாவுக்கு அழுகையாக வந்தது. துக்கத்தைவிட அதில் கோபம்தான் அதிகம். வாழ்நாள் முழுக்க அடுத்தவனின் இசையை வாசித்தவர், போகும்போதும் அடுத்தவனின் இசையோடுதான் போக வேண்டுமா? ஆனால் வந்திருப்பவன் நல்ல மனதோடு வந்திருக்கிறான். “சரிப்பா, உங்க இஷ்டம்,” என்றாள்.

அவன் போன பிறகுதான் போன டிசம்பர் நினைவுக்கு வந்தது. மத்தியாஸ் அரண்மனையிலிருந்து வந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்து, “இன்னிக்குப் பிரபு கை தட்டினாரு ருசீனா. எழுந்து நின்னு தட்டினாரு,” என்றார். “உங்களோடதுக்கா?” என்று அவள் ஆசையாகக் கேட்டதற்கு, “இல்ல, சால்வியோனியோடதுக்கு,” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டாள்.

*

மண் உறைந்து கிடந்ததால் கல்லறை வெட்டுகிறவர்கள் காலையிலிருந்தே தரையில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். அந்தப் புகை கோயிலுக்குள்ளும் வந்தது. முன்வரிசையில் அரண்மனை சார்பில் ட்ராக்ஸ்லர் உட்கார்ந்திருந்தார். ருசீனா இரண்டாம் வரிசையில், பார்போராவின் பக்கத்தில். மூன்று இசைக்காரர்களும் பின்னால் மேல்மாடத்தில் இருந்தார்கள்.

வாசிப்பு தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது. சால்வியோனி பெரிய ஆள்தான், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மனம் அதில் ஒட்டவில்லை. பெட்டியின் மூடியில் ஒரு ஆணி சரியாக இறங்காமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வயலின் நின்றது. இரண்டாவது வயலினும் செல்லோவும் அடியில் மெதுவாக ஒரு தட்டு, பிறகு அடுத்தடுத்து இரண்டு தட்டு என்று போயின. ஒன்று. ஒன்று-இரண்டு. ஒன்று. ஒன்று-இரண்டு.

அவளுடைய வலது கை மடியில் தானாக அசைந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கைக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கை ஒருமுறை அழுத்தியது, விரல்முட்டி இரண்டு முறை குத்தியது. மாவு பிசைகிற கை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைக்காலத்தில், அடுக்களையில் அவள் ரொட்டிக்கு மாவு பிசைய, “அப்படியே பிசை, நிறுத்தாத, தாளம் அதுதான்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் திண்டில் உட்கார்ந்து வயோலா வாசித்தாரே, அந்தக் கை.

மேல்மாடத்தில் வயோலா இல்லை. அந்த இடம் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படி அது காலியாகப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. வாய் திறக்காமல் முனக ஆரம்பித்தாள். ஒரு அடி, இரண்டு அடி. பிறகு வாய் திறந்துகொண்டது. பெரிய குரல் ஒன்றும் இல்லை. ரொட்டி பிசைகிறவள் குரல். கோயில் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பார்போரா அவள் தோளை அணைத்துக்கொண்டு, “அழுதுடுங்க அண்ணி, அழுதுடுங்க,” என்றாள். ட்ராக்ஸ்லர் திரும்பிப் பார்த்துவிட்டு, அழுகிற பெண்ணைப் பார்ப்பது நாகரிகமில்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஏழாவது அடி முடிந்தது. ருசீனா நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. அவள் விட்ட இடத்தில் முதல் வயலின் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நொடி தாமதமாக வந்தது.

*

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து சூப்பும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். “பாவம், புலம்பிட்டா,” என்று ட்ராக்ஸ்லர் வாசலில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். பார்போரா விறகு எடுக்கக் கொட்டிலுக்குப் போனாள். ஃபாபியன் மட்டும் போகவில்லை. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“அக்கா, நீங்க அரண்மனைக்கு வந்து எப்பவாவது கேட்டிருக்கீங்களா?”

“எங்கள எல்லாம் உள்ள விடுவாங்களா?”

“பின்ன அந்த வயோலா எப்படித் தெரியும்? அதுவும் கடைசி ரெண்டு அடி வரைக்கும்?”

ருசீனா ஏனங்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “அவரு ஏழுலதான் நிறுத்தினாரு. நான்தான் ‘என்ன அதுக்குள்ள முடிச்சிட்டீங்க, மாவு இன்னும் பதத்துக்கு வரல, இன்னும் கொஞ்சம் வாசிங்க’ன்னேன். ‘சரி, உனக்காக ரெண்டு அடி’ன்னாரு.”

ஃபாபியன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொம்பு வாசிப்பவன், பை, பெயரில்லாத தாள்கள் என்று அவள் மீதியையும் சொன்னாள்.

“பேரில்லாததுக்கு வியன்னாவுல இசைத்தாள் கடைக்காரன் நல்லா ஓடுற பேரா ஒண்ண ஒட்டி வித்திருக்கான்,” என்றான் அவன். “ஒன்பது வருஷமாப் பக்கத்துல உக்காந்திருந்தேன். டிசம்பர்ல அத வாசிச்சு முடிச்சதும் நான் அவர்கிட்டயே சொன்னேன் அக்கா. ‘பாத்தீங்களா, இந்த மாதிரி எழுதணும்’னு. ‘ஆமாம்ப்பா, எழுதணும்’னாரு.” எழுந்து நின்றான். “நான் போய்ச் சொல்றேன். ட்ராக்ஸ்லர்கிட்டயே சொல்றேன். எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்!”

“உக்காரு.”

“அக்கா…”

“உக்காருப்பா. ஒப்பந்தத்த மீறினாருன்னு தெரிஞ்சா நாளைக்கே விறகு நிக்கும், நாளன்னிக்கு வீடு போகும். இந்தப் பனியில நான் எங்க போறது? அதுக்குப் பயந்துதானே அவரும் சிரிச்சிட்டுப் பேசாம இருந்தாரு. ஜார்ஜ் திருநாள் முடியட்டும். வண்டி பிடிச்சு ப்ர்னோவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் ஊர் முழுக்கச் சொல்லு. கோபுரத்துல ஏறி நின்னு சொல்லு.”

ஃபாபியன் மேலங்கிக்குள்ளிருந்து நான்கு தாள்கட்டுகளை எடுத்தான். வயோலாவுக்கு உரியதைத் தனியே மேசையில் வைத்தான். மேலே அவனுடைய கையெழுத்தில், அழகாகச் சுழித்து, சால்வியோனி என்று எழுதியிருந்தது. பிழை திருத்துகிற சிறு கத்தியை எடுத்து, சுரண்ட ஆரம்பித்தான். நல்ல மை, லேசில் போகவில்லை. அவசரப்படாமல், தாள் கிழியாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி, தூளை ஊதிவிட்டான்.

“இத நீங்க வெச்சுக்கங்க. மத்த மூணையும் நான் இதே மாதிரி பண்ணிடறேன்.”

அவன் போன பிறகு ருசீனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். அவளுக்கு இசை படிக்கத் தெரியாது. ஒன்பது அடி எங்கே தொடங்குகிறது என்று கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள், தெரியவில்லை. பெயர் இருந்த இடம் மட்டும் மெலிந்து வெளுத்திருந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கூடுதலாக வந்தது.

கொட்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாளைத் துணியில் சுற்றி மாவுப் பெட்டியின் அடியில் வைத்தாள். அதன்மேல் நாளைய ரொட்டிக்கான மாவைக் கொட்டிச் சமன்செய்தாள்.