பதினைந்தாவது பெயர்

1

ஆண்டு மலருக்காகப் பாடசாலை வரலாறு எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை வந்து சேர்ந்தது. பசறைக்கு வெளியே, பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் எங்கள் தமிழ் வித்தியாலயத்துக்கு இந்த வருடம் எழுபத்தைந்து வயது. நான் அங்கே தமிழ் ஆசிரியை. "ரெண்டே பக்கம் டீச்சர், பெருமையா இருக்கணும்" என்றார் அதிபர் வைரவநாதன்.

முதல் தொடக்கம்: "தேயிலைத் தோட்ட நிர்வாகம் கொடுத்த ஒரு தகரக் கொட்டகையில், ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே…" (இதை யாரும் எழுதலாம். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: "எட்டு வருடங்களுக்கு முன் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியது. பதினைந்தாவது மாணவியாகக் கம்சலா மனமுவந்து சேர்ந்ததால்…"

கை அங்கேயே நின்றுவிட்டது.

2

கம்சலா, கொழுந்து பறிக்கும் ராசம்மாவின் மகள். நாடகமும் தமிழும் படிக்க ஆசைப்பட்டவள். பதினைந்து பேர் இல்லாமல் விஞ்ஞானப் பிரிவுக்கு அனுமதியில்லை என்று மேலிடம் சொல்லியிருந்தது. பதினான்கு பேர்தான் இருந்தார்கள். நான் ராசம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனேன்.

"ஒங்க மக டாக்டராகலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர்" என்றார் ராசம்மா. கம்சலா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

[பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இந்த அடைப்புக்குறியை மூன்று முறை அழித்துவிட்டேன்.]

மற்றவர்களில் மூன்று பேர் பதுளைக்கு டியூஷன் போய்ப் படித்து, கெம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். கம்சலாவுக்கு அந்த வசதி இல்லை. மூன்று தடவை பரீட்சை எழுதினாள். மூன்றிலும் பௌதிகவியலில் சித்தியில்லை.

3

"கம்சலா சிரித்தபடி என்னை வரவேற்றாள்" என்று எழுதியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. பசறை டவுனில், அவள் வேலை செய்யும் துணிக்கடையில், சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப் பத்தி எழுதுறீங்களாமே. வாசிங்க."

வாசித்தேன். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"மனமுவந்தா?"

நான் தாளை மடித்தேன்.

"பிசிக்ஸ் பீரியட்ல ரெண்டு வருஷம் சும்மா ஒக்காந்திருந்தோம் டீச்சர். நீங்க வராந்தாவால போவீங்க. உள்ள பாக்க மாட்டீங்க." மீண்டும் வெட்டத் தொடங்கினாள். "மூணு பேரு கெம்பஸ் போனத எழுதுங்க. எம் பேரயும் எழுதுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க."

(அவள் என்னை மன்னித்ததாக ஒரு பத்தி இங்கே இருந்தது. அதை நானாகவே அவள் வாயில் வைத்திருந்தேன்.)

4

"'மனமுவந்து' இல்லன்னா, கம்சலா அப்ப எப்படித்தான் சேர்ந்தான்னு கேப்பாங்களே" என்றார் அதிபர்.

"கேக்கட்டும் சேர்."

அவர் அந்த வரியையே வெட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மலர் விஷயத்த விடுங்க. இந்த வருஷமும் பதினாலு பேர்தான். ஆள் சேரலைன்னா பிரிவ மூடிருவாங்க. துஷாந்தினி கொமர்ஸ் கேட்டிருக்கா. அவ வீட்டுக்கு நீங்க போங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

முடிவு ஒன்று: நான் மறுத்துவிட்டேன். (பொய். போனேன்.)

முடிவு இரண்டு: போகும் வழியிலேயே திரும்பிவிட்டேன். (அதுவும் இல்லை.)

5

துஷாந்தினியின் அப்பா அழகர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதினாலு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், இன்னும் ஒருவர் வராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று சொல்லிப் படிவத்தை மேசையில் வைத்தேன். அவர் மகளிடம் பேனாவைக் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "பிசிக்ஸுக்கு ஆள் இல்லைங்க. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அழகர் என்னைப் பார்த்தார். படிவத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினார். துஷாந்தினி அதன் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"நான் சேரலைன்னா அந்தப் பதினாலு பேரும் என்ன செய்வாங்க டீச்சர்?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நான் எதைச் சொன்னாலும் அவள் அதன்படி செய்வாள்; அதுதான் பயம். அவளுக்குப் பதினாறு வயது. பேனா கையில் இருக்கிறது, அப்பா காத்திருக்கிறார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?