பதில் மட்டும் சொன்ன பெட்டி

ஆனந்தராஜ் அண்ணன் அந்த வார்த்தையைக் கடைவாசலில் சொன்னாரா, கோயில் வளாகத்தில் சொன்னாரா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. கேட்டுநின்ற ஜெனிஷா அக்காவின் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

ஆவூர்ப் பக்கத்து ஊர்களுக்கு இருவரும் கூட்டாக இன்டர்நெட் இணைப்பு கொடுத்துவந்தார்கள். எல்லா இணைப்பும் அக்கா வீட்டு மாடியிலிருந்த கணினி வழியாகத்தான் புதுக்கோட்டைக்குப் போகும். நான் லியோன், அவர்களிடம் வயர் இழுப்பவன். ஒருநாள் கடையில் புதுப் பலகை மாட்டினார்கள். அதில் ஆனந்தராஜ் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. தன் பெயர் எங்கே என்று அக்கா கேட்டாள். அதற்கு அவர் சொன்னதுதான் அது.

“நீ என்னம்மா செஞ்ச? வந்தத வாங்கி அங்கிட்டுத் தள்ளிவிடுற. அதுக்குப் போர்டுல பேரு வேணுமாக்கும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அக்கா வெகுகாலம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் மறந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு கணினி தன் முகவரிக்கு வந்த பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, மட்டுமே எடுத்துக்கொள்ளும். பிறருக்கானதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதை உரியவருக்கு அனுப்பிவைக்க வேண்டுமென்றால், யாராவது கணினியின் அமைப்பில் ஒரு பூஜ்ஜியத்தை ஒன்றாக மாற்றிவைக்க வேண்டும். அப்படி மாற்றிவைத்திருந்தவள் அக்கா.

தேர்த் திருவிழா வந்தது. வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகளுக்காக நேரலை, ஆனந்தராஜ் பொறுப்பு. தேர் நகர்ந்தது, படம் போகவில்லை. கூட்டத்தில் செல்போன் நெட்டும் படுத்துக்கிடந்தது. குவைத்திலிருந்து போன் மேல் போன். அவர் அக்காவின் கணினிக்கு ‘பிங்’ அடித்தார். இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை அது. உடனே பதில் வந்தது.

“அந்தப் பொட்டி நல்லாத்தான்டா இருக்கு லியோன். கேமராவப் பாரு!”

கேமராவைப் பார்த்தோம். வயரை மாற்றினோம். ஆன்டெனாவைத் திருப்பினோம். தேர் நிலைக்கு வந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் கண்டபடி திட்டிய பிறகே ஆனந்தராஜ் அக்காவைப் போனில் கூப்பிட்டார்.

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“என் பொட்டியக் கூப்புட்டீங்க, பதில் சொல்லுச்சுல்லண்ணே? அடுத்தவுகளுக்கு வந்தத அங்கிட்டுத் தள்ளிவிடுறதெல்லாம் ஒரு வேலையான்னீங்க. அதான் அந்த ஒன்ன மறுபடி பூஜ்ஜியமாக்கிட்டேன்.”

வீடுகளிலும் நெட் நின்றிருந்தது. ஊரே தேரடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஆனந்தராஜ், “போர்டுல ஒம் பேரப் போட்டுர்றேம்மா” என்றார்.

“வேணாண்ணே. அந்தப் போர்ட எறக்குங்க.”

இறக்கினார். இப்போது கந்தர்வக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறார். இணைப்புகளை அக்கா நடத்துகிறாள், பலகையில் அவள் பெயர். அவள் கணவர் ஜோசப் இன்னும் குவைத்தில் இருக்கிறார்; அன்று தேர் பார்க்க முடியாத கோபம் அவருக்குத் தீரவில்லை. நான் அக்காவிடம் வயர் இழுக்கிறேன்.